நாலு விளக்கும் எரிந்த பவர் பேங்க்

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவன் நான். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். அதைத் தப்பாக எழுதுகிற பிள்ளையை எழுப்பி நிற்கவைத்து, "தலைக்குள்ள என்னா வச்சிருக்க?" என்று கேட்கிறேன். சிதம்பரத்தில் என் மாமனார் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாமனார் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலூர் சிதம்பரம் தடத்தில் அவர் குரல் எல்லாருக்கும் தெரியும் என்று என் மனைவி பெருமையாகச் சொல்வாள். கல்யாணமான புதிதில் அந்தக் குரலுக்குப் பயந்து, சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லாமல் சாப்பிட்டு எழுந்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையை அப்படியே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தின் அடியில் இருக்கிற ஒரு துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறார். அதன்மேல் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி தொங்கும். வாய் அசையும், நாக்கு புரளும். சத்தம் மட்டும் கிடையாது.

சத்தத்துக்கு ஒரு கருவி இருக்கிறது. சின்ன டார்ச் லைட் அளவு. தாடைக்குக் கீழே அதை வைத்து அழுத்திப் பொத்தானை அமுக்கினால் அது அதிரும். அந்த அதிர்வை வைத்துக்கொண்டு வாய் பேசும். வீட்டில் அதற்குப் பெயர் மிஷின். "மிஷின் எங்க?" என்று அத்தை கேட்டால் தையல் மிஷினை யாரும் தேட மாட்டார்கள். அந்தக் குரலுக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. திட்டினாலும் கொஞ்சினாலும் ஒரே சுருதியில் 'ஙொய்' என்று வரும். முகத்தைப் பார்த்துத்தான் இது கோபமா கேலியா என்று நாங்கள் தெரிந்துகொள்கிறோம்.

போன வருஷம் அவர் கடலூருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது மிஷினின் உள்ளே ஒரு வயர் அறுந்துவிட்டது. மஞ்சக்குப்பத்தில் நான் ஏறி இறங்காத கடையில்லை. "இந்த ஐட்டம்லாம் நாங்க தொடறதில்ல சார்" என்றார்கள். கடைசியில் முதுநகரில் ஒரு டிவி மெக்கானிக், வைத்துவிட்டுப் போங்கள், ரெண்டு நாளாகும் என்றார். அந்த இரண்டு நாளில் ஒரு சாயங்காலம் மாமனார் டீ குடிக்கக் கிளம்பிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டீக்கடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கையைக் காட்டினால் டீ கொடுக்க மாட்டார்களா என்ன? ஆனால் அவர் குடிக்காமல்தான் வந்தார்.

அதைப் பார்த்த வேகத்தில் வாயை விட்டேன். "மாமா, இனிமே இதுக்காக எவன் கடைக்கும் போவ வேணாம். நானே பாத்துக்குறேன்." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வயரை ஒட்டுவதற்கு நான் ஒருத்தன் போதாதா என்று உண்மையாகவே நினைத்தேன்.

ஈயத்தை உருக்கி வயரை ஒட்டுகிற சாதாரண சால்டரிங் அயன் வாங்கியிருந்தால் இந்தக் கதையே வேறு என்று சொல்ல முடியாது; கரண்ட் இல்லாத வீட்டில் அதுவும் ஒரு கம்பிதான். ஆனால் நான் ஒரு படி மேலே போனேன். ஆன்லைனில் பார்த்து, பேனா மாதிரி இருக்கிற சின்ன அயன் ஒன்றை வரவழைத்தேன். சட்டைப் பையில் செருகிக்கொள்ளலாம். சின்னத் திரையில் சூடு எண்ணாக ஓடும். கரண்ட் கொடுக்க அதன் பின்பக்கம் இரண்டு ஓட்டை: ஒன்று இப்போதைய போன் சார்ஜர் நுழைகிற டைப்-சி, இன்னொன்று வட்டமான ஊசித் துளை. அந்த வட்டத் துளைக்கு ஒரு வயரும் பெட்டிக்குள்ளேயே வந்திருந்தது. அதன் மறுமுனையில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப். கார் பேட்டரியில்கூடக் கடிக்கவைத்து வேலை செய்யலாம் என்று படம் போட்டிருந்தது. இந்தப் படத்தைப் பிறகு நான் அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

பவர் சப்ளை தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தாளில் பொடி எழுத்தில் இருந்தது. பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு வோல்ட் வரை, அறுபத்தைந்து வாட் இருந்தால் நல்லது. படித்தேன். பள்ளிக்கூடத்துக்கு வரும் சுற்றறிக்கையை எப்படிப் படிப்பேனோ அப்படிப் படித்தேன். கடைசி வரி வரைக்கும் கண் போனது, தலைக்குள் ஒன்றும் போகவில்லை.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கிற செல்போன் கடைக்குப் போனேன். பவர் பேங்க் வாங்கிவிட்டால் பஸ்ஸில்கூட உட்கார்ந்து ஒட்டலாம் என்பது என் கணக்கு. கடைக்காரர் இரண்டை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார்.

"இது இருவதாயிரம் எம்ஏஎச் சார். இது பத்தாயிரம்தான், ஆனா அறுவத்தஞ்சு வாட்டு, லேப்டாப்புக்கே போடலாம். உங்களுக்கு எதுக்கு வேணும்?"

எதுக்கு என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆள் நல்ல மனுஷன், சரியான கேள்வி கேட்டார். ஆனால் பாடம் நடத்துகிறவனுக்கு அடுத்தவன் பாடம் எடுத்தால் பிடிக்காதே. "எனக்குத் தெரியும்பா, அந்தப் பெரிசக் குடு" என்றேன். கையில் வாங்கினேன். செங்கல் மாதிரி கனத்தது. கனமாக இருப்பதுதான் நல்லது என்று கத்தரிக்காய் வாங்கும்போதுகூட நான் நினைப்பதில்லை. அதை மட்டும் அப்படித்தான் வாங்கினேன்.

மின்சாரத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைத்தான் சொல்வேன். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாய் சிறிதாக இருந்தால் குளிக்கச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்று சொல்லி, கையால் சொட்டுகிற மாதிரி காட்டுவேன், வகுப்பே சிரிக்கும். இருபதாயிரம் என்பது தொட்டி. அறுபத்தைந்து வாட் என்பது குழாய். குழாய் பெரிதாக இருந்த பவர் பேங்க் கண்ணாடிமேல் என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் சோதித்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முழு மடையன் என்று நினைப்பீர்கள். அயனைப் பவர் பேங்கில் செருகியதும் திரையில் ஒன்பது வோல்ட் என்று காட்டியது. பன்னிரண்டு எங்கே, ஒன்பது எங்கே? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சூட்டின் எண் மெதுவாக ஏறியது. நூறு, நூற்றைம்பது, இருநூறு. ஈயத்தைத் தொட்டேன், உருகியது. "சோறு ஆறுது" என்று மனைவி கூப்பிட்டாள். நிறுத்திவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். வெறும் ஈயத்தை உருக்குவதும், ஈயத்தை ஒரு தகட்டில் பிடிக்கவைப்பதும் ஒன்றல்ல. தகடு சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதற்குமேல் கொடுக்க அயனுக்குத் திராணி வேண்டும். இதெல்லாம் எனக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது.

இதற்கிடையில் கொழுந்தியாளுக்கு வரன் அமைந்தது. மங்கலம்பேட்டைப் பக்கம் மாப்பிள்ளை வீடு. நிச்சயத்தைச் சிதம்பரத்தில் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாகப் பேச்சு. எங்கள் வழக்கத்தில் நிச்சயம் என்றால் மோதிரம், கேக் எல்லாம் பிறகு. முதலில் தட்டு மாற்ற வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா தட்டை நீட்டி, "தாம்பூலம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு" என்று சபையில் சத்தமாகச் சொல்ல வேண்டும். பெண்ணின் அப்பா வாங்கிக்கொண்டு, "தாம்பூலம் எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு" என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை. எழுதிக் காட்டினாலோ தலையாட்டினாலோ சேராது. வாய் வார்த்தையாகச் சபை காதில் விழ வேண்டும்.

மாமனார் ஒரு மாதமாக இதற்குப் பயிற்சி எடுத்தார். எந்த இடத்தில் பொத்தானை அமுக்குவது, எங்கே விடுவது, 'பொண்ணு' என்கிற இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது. அத்தை போனில் என் மனைவியிடம் அலுத்துக்கொண்டார்: "காலையில எழுந்தா பொண்ணக் குடுக்குறாரு. காபி குடிச்சா பொண்ணக் குடுக்குறாரு. எத்தினி பொண்ணு வச்சிருக்காருன்னே தெரியல." என் மனைவி சிரித்து மாளவில்லை. பிறகு போனை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, நாங்கள் பஸ் ஏறும்போதே வானம் இருட்டிக் கிடந்தது. வங்கக்கடலில் ஏதோ ஒன்று நகராமல் நின்றுகொண்டிருக்கிறது என்று டிவியில் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். பையில் அயனை வைத்தேன், ஈயச் சுருளை வைத்தேன், பவர் பேங்கை முழுக்கச் சார்ஜ் ஏற்றி வைத்தேன். கிளிப் வைத்த அந்த வட்ட முனை வயரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பவர் பேங்க் இருக்கிறதே, இது எதற்கு அடைசலாக என்று ஷோகேஸ் டிராயரிலேயே திரும்பப் போட்டேன்.

புதுச்சத்திரம் தாண்டும்போது மழை பிடித்தது. சிதம்பரம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் காற்று தூக்கியடித்து, கரண்ட் போனது. எங்கேயோ போஸ்ட் சாய்ந்துவிட்டதாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் வந்திருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு போனைச் செருகி, எல்லா ஃபேனையும் ஓடவிட்டார்கள். விடியும்போது இன்வெர்ட்டர் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு அடங்கிப்போனது.

ஞாயிறு காலை எட்டு மணி இருக்கும். மாமனார் புது வேட்டி கட்டி, கண்ணாடி முன்னால் நின்று கடைசித் தடவையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தாம்பூலம் எங்களுக்கு, பொண்ணு..." அத்தோடு நின்றது. பொத்தானை மறுபடி மறுபடி அமுக்கினார். என்னைப் பார்த்தார். ஒரு மாதமாகப் பெண்ணைக் கொடுத்துக் கொடுத்தே வயரை அறுத்துவிட்டார்.

அவர் முகத்தில் பயமே இல்லை. அதுதான் எனக்கு இப்போதும் தாங்கவில்லை. மிஷினைச் சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்தார். பக்கத்தில் நின்ற தன் அண்ணனிடம் என்னைக் காட்டி, கையால் ஒட்டுகிற மாதிரி செய்து காட்டினார். மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று அர்த்தம்.

ஜன்னலோரம் உட்கார்ந்து திறந்தேன். பேட்டரி உட்காருகிற இடத்தில் ஒரு பித்தளைத் தகடு. அதில் ஒட்டியிருந்த சிவப்பு வயர் அடியோடு விட்டிருந்தது. ஒரே ஒரு பொட்டு ஈயம் வைத்தால் முடிந்தது. பவர் பேங்கில் செருகினேன். ஒன்பது வோல்ட். எண் ஏறியது. இருநூற்றிருபது வந்ததும் தகட்டில் வைத்தேன். எண் இறங்கியது. இருநூறு, நூற்றெண்பது, நூற்றைம்பது. ஈயம் பிசுபிசுவென்று முனையிலேயே ஒட்டிக்கொண்டது, தகட்டைத் தொடவில்லை. எடுத்து, காத்திருந்து, மறுபடி வைத்தேன். மறுபடி இறங்கியது. எத்தனை தடவை வைத்தேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் மாமனார் மிஷினைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார்.

பவர் பேங்கில் நான்கு பச்சை விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. நிறைய இருக்கிறது, எடுத்துக்கொள் என்று அது சொன்னது. எடுக்கத்தான் வழியில்லை.

மனைவி வந்து காதோரம், "என்னாங்க, ஆச்சா?" என்றாள். "ஆவும்" என்றேன்.

டேப் போட்டு ஒட்டிப் பார்த்தேன். மாமனார் வாங்கித் தொண்டையில் வைத்து, "மாப்" என்றார், அறுந்தது. அது பேசுவதே அதிர்ந்துதான். அதிர்ந்தால் வயர் நகர்ந்துவிடும். பேசாமல் இருக்கும் வரைக்கும் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது.

தெற்கு வீதிச் சந்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்று குடையோடு ஓடினேன். முழங்கால் தண்ணீர். கடை பூட்டியிருந்தது, பலகையில் இருந்த நம்பருக்கு டவர் கிடைக்கவில்லை. திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியிருந்தார்கள். தெருவில் மூன்று காரும் ஒரு வேனும் நின்றன. நான்கு வண்டி, நான்கு பேட்டரி, ஒவ்வொன்றும் பன்னிரண்டு வோல்ட். அந்த வயர் மட்டும் கையில் இருந்திருந்தால் ஒரு பானெட்டைத் திறக்கச் சொல்லிக் கிளிப்பைக் கடிக்கவைத்து, இரண்டு நிமிஷத்தில் முடித்திருப்பேன். அது கடலூரில் டிராயரில், பழைய டார்ச்சுக்கும் பிறந்தநாள் மெழுகுவர்த்திக்கும் நடுவில் கிடக்கிறது. ஒரு காரில் போன் சார்ஜர் இருந்தது; டிரைவரைக் கெஞ்சி, அயனை அதில் செருகிப் பார்த்தேன். அதுவும் ஒன்பது. "என்னா சார் ரிப்பேரு?" என்று டிரைவர் கேட்டார். என் புத்திதான் என்று வாய் வரைக்கும் வந்தது.

உள்ளே மாமனாரின் அண்ணன் மகன், எனக்கு மச்சான் முறை, டிப்பர் லாரி ஓட்டுகிறவன், என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சான், ஸ்க்ரூ டிரைவர கேஸ் அடுப்புல காச்சி வைங்க. எங்க ஷெட்ல அப்பிடித்தான் வைப்போம்."

"அதெல்லாம் சரிப்படாதுடா."

"இதுமட்டும் சரிப்பட்டுச்சா?" என்று பவர் பேங்கைக் காட்டினான். ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தேன்.

பாயசம் கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்து அடுப்பில் ஸ்க்ரூ டிரைவர் பழுக்கக் காய்ந்தது. நான் வைத்தேன். ஈயம் அதில் ஒட்டாமல் குண்டு குண்டாக உருண்டு தரையில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, மிஷினைப் பிடுங்கிக்கொண்டது. மாமனார் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. மிஷினை இரண்டு கையாலும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். மூடியின் ஓரம் கொஞ்சம் உருகி வளைந்திருந்தது. அவர் அதை வேட்டி நுனியால் துடைத்தார். அந்த நேரம் என் மேல் எனக்கு வந்த வெறுப்பு வேறு யார் மேலும் வந்ததில்லை.

பத்து மணிக்குமேல் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, இரண்டு பக்கத்தாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா கையைத் திருப்பித் திருப்பி வாட்சைப் பார்த்தார். பத்தரைக்குள் தட்டு மாற்றியாக வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா தட்டை எடுத்து, "தாம்பூலம் உங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு" என்று மூன்று முறை சொன்னார். நல்ல மனுஷன், அவசரப்படாமல் சொன்னார். மாமனார் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி டேப் ஒட்டிய மிஷினைத் தொண்டையில் வைத்தார்.

"தாம்பூ" என்று வந்தது. நின்றது. மிஷினைத் தொடையில் தட்டினார். மறுபடி வைத்தார். "தா." ஒரு சின்னக் குழந்தை சிரித்தது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். எல்லாரும் ஜமுக்காளத்தைப் பார்த்தார்கள். மூன்றாம் தடவை மிஷின் சத்தமே போடவில்லை. ஆனால் அவர் உதடு முழுவதையும் சொன்னது. கடைசி எழுத்து வரைக்கும் சொன்னது. நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சம்மந்தி சங்கடப்பட வேணாம்" என்றார் பெரியப்பா. "ஆனா சபை காதுல உழணும் இல்லீங்களா? நேரமும் போவுது. உங்க பக்கத்துல யாராச்சும் சொல்லிடுங்களேன்."

"மூத்த மாப்ள இருக்காரு, வாத்தியாரு. அவுரு சொல்லட்டும்" என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். கூடமே அதைப் பிடித்துக்கொண்டது. ஆமாம், ஆமாம், மூத்த மாப்பிள்ளை மகன் மாதிரி. அத்தை கதவோரத்தில் நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் மாமனாரைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவர் ஒரு சின்ன சைகை செய்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன், என்ன ஆனாலும் சரி என்று உட்கார்ந்திருப்பேன். அவர் செய்யவில்லை. தட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

சொன்னேன். மூன்று தடவை. கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கிற வாத்தியார் குரல் எனக்கு. மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். பெரியப்பா, "ஆங், இது சபைக்குப் பேச்சு" என்று தொடையில் தட்டினார். எனக்கு என் தொண்டையை அறுத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது.

கொழுந்தியாளை அழைத்து வந்து உட்காரவைத்தார்கள், பூ வைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். மாமனார் எல்லாப் போட்டோவிலும் சிரித்தார். மிஷின் அவர் சட்டைப் பையில் இருந்தது.

முதல் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. ஃபேன் எல்லாம் ஒரே நேரத்தில் சுற்ற ஆரம்பிக்க, பந்தியில் எல்லாரும் "ஏய்" என்று கத்தினார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். கொழுந்தியாள் பட்டுப்புடவையோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மாமனார்.

"உன் லேப்டாப் சார்ஜர் எங்கம்மா?"

"ஆபீஸ் பையில இருக்குது மாமா. எதுக்கு?"

எதுக்கு என்று கேட்கிற இரண்டாவது ஆள். இவளுக்குச் சொன்னேன்.

டைப்-சி சார்ஜர், அறுபத்தைந்து வாட். சுவரில் செருகி அயனை மாட்டினேன். இருபது வோல்ட். எண் ஓடியது: நூறு, இருநூறு, முந்நூறு, முந்நூற்றைம்பது. நான் மூச்சை உள்ளே இழுத்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. மாமனார் சட்டைப் பையிலிருந்து மிஷினை எடுத்து, கொடுக்கலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுக் கொடுத்தார். டேப்பைப் பிய்த்து, வயரைத் தகட்டில் வைத்துத் தொட்டேன். ஈயம் பளபளவென்று பரவி உட்கார்ந்தது. அவ்வளவுதான். காலையிலிருந்து நான் கெஞ்சிய வேலை அவ்வளவுதான்.

வளைந்த மூடியை அழுத்தி மூடிக் கொடுத்தேன். மாமனார் வாங்கித் தொண்டையில் வைத்தார். பொத்தானை அமுக்கிச் சும்மா ஒரு தடவை அதிரவிட்டுப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்.

"நான் உன்னக் குடுக்கல."

அவள் நிமிர்ந்தாள்.

"மாப்ளதான் குடுத்தாரு. நான் இன்னும் குடுக்கல."

அந்த ஒரே சுருதிக் குரலில் இரண்டு வாக்கியமும் நன்றாகத் தெளிவாக வந்தன. வயர் அசையவே இல்லை. கொழுந்தியாளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "அப்பக் குடுக்காதப்பா, வூட்டுலயே இருக்கேன்" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. தலையில் வைத்த பூ நசுங்க அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மாமனார் ஒரு கையால் அவள் முதுகைத் தட்டினார். இன்னொரு கையில் மிஷின் இருந்தது. பொத்தானை அமுக்காமலே அவர் வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அது அவளுக்கு, என்னவென்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

நான் சுவர்ப்பக்கம் திரும்பி, அயன் ஆறுவதற்காகப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் சார்பாகத்தானே சொன்னேன் மாமா என்று சொல்லலாம். வயரை எடுத்து வராதது என் தப்பு என்று சொல்லலாம். செல்போன் கடையில் நடந்ததைச் சொல்லலாம். பையைத் திறந்து பவர் பேங்கை உள்ளே போட்டேன். அதில் இன்னும் நான்கு விளக்கும் எரிந்தன.

சம்மந்தி வீட்டாரைக் கவனிக்க வேண்டும் என்று மாமனார் எழுந்தார். கதவருகே போய், என் பக்கம் திரும்பாமலே மிஷினைத் தொண்டையில் வைத்தார்.

"நல்ல கொரலு மாப்ள உங்களுக்கு" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.